செரோடோனின் உடனே கூடுகிறது, மனசு ஏன் உடனே தேறவில்லை?

கேள்வி: அக்காவுக்கு மனச்சோர்வுக்காக எஸ்சிடலோபிராம் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுமாம். ஆனால் பலன் தெரிய சில வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை மூளையில் என்னதான் நடக்கிறது? அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

பதில்: நான் மருந்தியல் பாடம் எடுக்கிறவள். செரோடோனின் என்பது நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல உதவும் வேதிப்பொருள்; இந்த மாத்திரை அதைத்தான் கூட்டுகிறது. அதைச் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் மூளைத்தண்டில் ரஃபே என்ற பகுதியில் இருக்கின்றன. அந்தச் செல்களின் மேலேயே 5-எச்டி1ஏ ஏற்பிகள் (செரோடோனினை உணரும் புரதங்கள்) உண்டு. சுற்றிலும் செரோடோனின் கூடியதும் இவை ‘போதும், நிறுத்து’ என்று செல்லை அடக்கிவிடும். மருந்து வாரக்கணக்கில் தொடர்ந்தால் இவை மெல்ல மரத்துப்போகும், செல் பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்புறம்தான் உணர்ச்சி, நினைவு சார்ந்த மூளைப் பகுதிகளான அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் செரோடோனின் தாராளமாகக் கிடைக்கிறது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான்.

கேட்டவர்: இதே ஏற்பி ஹிப்போகாம்பஸிலும் உண்டாமே, அதுவும் மரத்துப்போனால்?

பதில்: நல்ல கேள்வி. அங்கே அது செரோடோனினைப் பெறும் செல்லில் இருக்கிறது, ரஃபேயில் போல மரத்துப்போவதில்லை.

இன்னொருவர்: முதல் வாரங்களில் படபடப்போ, தற்கொலை எண்ணமோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.