குளத்தில் குதித்த டார்சி: ஆஸ்டினின் கிண்டல் எந்தப் படத்தில் இருக்கிறது?

கயல்:
ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலைப் படித்து முடித்தேன். அதை வைத்து எடுத்த 1995 பிபிசி தொடரில் நாயகன் டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு நாயகி எலிசபெத் முன்னால் வந்து நிற்பாரே, அது நாவலில் எங்குமே இல்லை! லாயத்துப் பக்கமிருந்து நடந்து வருகிறார், இரண்டு பேர் முகமும் சிவந்துபோகிறது, அவ்வளவுதான். அந்த வெறும் நடையே எனக்கு அத்தனை சிரிப்பாக இருந்தது. இந்தக் கிண்டலைக் கெடுக்காமல் எடுத்த படம் எது?

பரணி:
குளம் புதிதுதான், அதற்காகத் தொடரைத் தள்ளிவிடாதீர்கள். நாவலில் டார்சி பதற்றத்தில் ஊரிலிருந்து எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பார் இல்லையா, தொடரில் டார்சியாக நடித்த காலின் ஃபர்த் அந்த ஈரச் சட்டையோடு நின்று பெற்றோர் நலமா என்று இரண்டு தடவை விசாரிக்கிறார். அவ்வளவு பெரிய பண்ணையார் பேச்சு வராமல் முழிக்கிற அழகு அப்படியே இருக்கிறது.

மீனு:
என் ஓட்டு 'க்ளூலெஸ்' படத்துக்கு, அதுவும் 1995தான். ஆஸ்டினின் 'எம்மா' நாவல் கதையைத் தூக்கி பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். நாவலில் எம்மா தன் தோழி ஹாரியட்டைப் படம் வரைகிறாள், ஹாரியட்டுக்கு அவள் பார்த்துவைத்த எல்டன் அதைச் சட்டம் போட லண்டனுக்கே எடுத்துப்போகிறான், ஆகா ஹாரியட் மேல் ஆசைதான் என்று இவள் முடிவுகட்டுகிறாள், அவனுக்கோ வரைந்தவள் மேல்தான் கண். படத்தில் ஓவியத்துக்குப் பதில் ஃபோட்டோ, எல்டன் அதை லாக்கருக்குள் மாட்டிவைக்கிறான். அப்புறம் நாவலில் குதிரை வண்டிக்குள் எல்டன் எம்மாவிடம் நடத்திய காதல் கூத்து காருக்குள் நடக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

சேகர்:
2005 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்துப் பாதிரியார் காலின்ஸை விட்டுவிட்டீர்களே! நாவலில் சாப்பாட்டைப் புகழ்ந்து, எந்த மகள் சமைத்தது என்று கேட்டு, சமையல்காரி வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி உண்டு என்று எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட்டிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார். படத்தில் அதற்கு மேல் வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் ஒரு பாராட்டு, காலின்ஸாக நடித்த டாம் ஹாலண்டர் முகத்தில் அப்படி ஒரு பக்தி. ஆஸ்டினின் இன்னொரு நாவலை வைத்து எடுத்த 2022 'பர்சுவேஷன்' மட்டும் வேண்டாம். நாவலில் நாயகி ஆன் எலியட் வாயைத் திறக்காமலே எல்லாரையும் எடைபோடுகிறவள், படத்தில் கேமராவைப் பார்த்து நம்மிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், நாமாகக் கண்டுபிடித்துச் சிரிக்க என்ன மிச்சம்?

கயல்:
சரி, முதலில் 'க்ளூலெஸ்'. சேகர், 'பர்சுவேஷன்' எனக்குப் பிடிக்கும், வந்து சண்டை போடுகிறேன்.