தானிய மாவும் வேண்டாம், எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம்: வெளிநாடு போன புதுசுக்கு ஒரு சிக்கன் டெண்டர்

"லாத்தா, பிரிட்டனில் லெஸ்டருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளைக்குக் கோதுமை, மைதா எதுவும் ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகளோ கடையில் விற்கிற, மாவில் புரட்டிப் பொரித்த சிக்கன் டெண்டர்தான் வேண்டும் என்கிறார்கள். வீட்டில் பொரித்தால் ஒரே புகை. ஏதாவது வழி சொல்லுங்களேன்" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

நான் இப்போது லீவுக்குக் கீழக்கரை வந்திருக்கிறேன். நேற்றுதான் உம்மா வீட்டுச் சின்ன ஓவனில் இதைச் செய்தேன், அதனால் எல்லாம் கைச்சூட்டோடு நினைவில் இருக்கிறது.

முதலில் புகை. நான் போன புதுசில் வாடகை வீட்டில் வாணலி நிறைய எண்ணெய் வைத்துக் கோழி பொரித்தேன். கூரையில் இருந்த அலாரம் போட்ட கூச்சலில் மூன்று மாடி ஆட்களும் வாசலுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். கையில் கரண்டியோடு நான் மட்டும் உள்ளே. அந்த வீட்டைக் காலி செய்தபோது, அடுப்புக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு என்று அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, பொரியலை ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் பெரும்பாலும் ஓவன் இருக்கும். நம்மவர்கள் பாதிப் பேர் அதற்குள் தோசைக்கல்லையும் குக்கரையும் அடுக்கி வைத்திருப்போம் (நான் எட்டு மாதம் வைத்திருந்தேன்). அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.

அப்புறம் கடை. "குளூட்டன் ஃப்ரீ" (கோதுமை, மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாதது) என்று எழுதியிருந்தால் தானியமே இல்லை என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் அரிசி மாவும் சோள மாவும்தான் உள்ளே இருக்கும். கார்ன்ஃப்ளாரும் மக்காச்சோளம்தான். தானியமே வேண்டாம் என்றால் பாதாம் தூள், உலர்ந்த தேங்காய்த் துருவல், மரவள்ளி மாவு இந்த மூன்று போதும். மரவள்ளி மாவு கிடைக்கவில்லையா, தமிழ்க் கடையில் ஜவ்வரிசி வாங்கி மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் விற்கும் ஜவ்வரிசிக்குப் பெயரில்தான் அரிசி, மற்றபடி அது மரவள்ளிக் கிழங்கு. தேங்காய்த் துருவலில் சர்க்கரை சேர்த்ததும் விற்கிறார்கள், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் கோழி வேகும் முன்னே மேலே கருகிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தானியம் இல்லை என்பதால் இது இளைக்க வைக்கும் பண்டம் ஆகிவிடாது. 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி, மைதாவில் 360 சொச்சம்தான். சாப்பிட்டபின் வயிறு லேசாக இருப்பதற்குக் காரணம், எண்ணெயில் முக்கிப் பொரிக்காததும் மேல்பூச்சு மெல்லிசாக இருப்பதும்தான். அதனால் பாதாமை அள்ளி அப்ப வேண்டாம்.

அரைக் கிலோ கோழிக்கு என் கணக்கு: பாதாம் தூள் முக்கால் கப், தேங்காய் அரை கப், மரவள்ளி மாவு இரண்டு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று. உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, மிளகு அரை, மஞ்சள் கொஞ்சம். மிளகாய் ஊரிலிருந்து கொண்டுபோன முண்டு மிளகாயாக இருந்தால் நல்லது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான், தோல் தடிமனாக, உருண்டையாக இருக்குமே அது. வறுத்துப் பொடித்து ஒரு டப்பா கொண்டுபோனால் ஆறு மாதம் ஓடும்.

டெண்டர் என்பது நெஞ்சுக்கறிக்கு அடியில் ஒட்டியிருக்கும் நீளத் துண்டு, ஒரு கோழிக்கு இரண்டுதான். அதன் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டால் வெந்தபின் ரப்பர் மாதிரி பல்லில் மாட்டும். கத்தி வேண்டாம். முள்கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவே நரம்பை நுழைத்து, நுனியை டிஷ்யூ பேப்பரால் இறுகப் பிடித்துக்கொண்டு, கரண்டியைக் கறிமேல் அழுத்தி நரம்பை வெடுக்கென்று இழுங்கள். வெள்ளைக் கயிறு மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிடும். இரண்டாவது துண்டிலேயே பழகிவிடும்.

கோழியைக் கழுவுவதில் உம்மாவுக்கும் எனக்கும் நேற்றும் தகராறு. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாத கோழியை அவர் கோழியாகவே மதிப்பதில்லை. பிரிட்டனிலோ பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும் என்று அரசாங்கமே சொல்கிறது. நேற்று உம்மாதான் ஜெயித்தார். எப்படியானாலும் கடைசியில் துண்டுகளைப் பேப்பரில் ஒற்றி ஒற்றிக் காயவிடுங்கள். மொறுமொறுப்பு வருவதும் வராததும் இந்த ஈரத்தில்தான் இருக்கிறது. தயிர், எலுமிச்சை என்று ஊறவைத்தால் பூச்சு ஓவனுக்குள் சட்டை கழற்றுவதுபோல் கழன்று விழும். மசாலாவை உலர் தூளிலேயே கலந்துவிடுங்கள்.

முதலில் மரவள்ளி மாவில் லேசாகப் புரட்டி உதறுங்கள், அப்புறம் அடித்த முட்டை, அப்புறம் பாதாம் தேங்காய்க் கலவை. ஒரு கையை ஈரத்துக்கும் ஒரு கையை உலர்ந்ததற்கும் வைத்துக்கொண்டால் விரல் நுனியில் உருண்டை கட்டாது. நேற்று எனக்கு ஒரு சிக்கல் வந்தது. இங்கே கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தேங்காய்த் தூள் கட்டிகட்டியாக இருந்தது, வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் புரட்டி ஆறவைத்த பிறகுதான் ஒட்டியது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற உங்கள் வீட்டில் இந்த வேலை இருக்காது.

ட்ரேயின் மேல் கம்பித் தட்டு வைத்து அதில் அடுக்குங்கள். நேராக ட்ரேயில் வைத்தால் அடிப்பக்கம் நமுத்துப்போகும். மேலே இரண்டு தேக்கரண்டி எண்ணெய் தெளித்தால் போதும். ஓவனை முன்பே 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள், உள்ளே விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 425 ஃபாரன்ஹீட். பத்தாவது நிமிஷம் திருப்பிப் போட்டு, மொத்தம் பதினாறிலிருந்து பதினெட்டு நிமிஷம். பாதாம் சீக்கிரம் சிவக்கும், நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தடித்த இடத்தில் குத்துங்கள், 74 டிகிரி காட்ட வேண்டும்.

நேற்று பன்னிரண்டாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது. ஓவன் கதவைத் திறக்காமல் காத்திருந்து, கரண்ட் வந்ததும் எட்டு நிமிஷம் கூட வைத்தேன். கொஞ்சம் வறண்டுதான் போயிற்று. உம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "கறி நல்லாத்தான் இருக்கு, ஆனா பொரிச்சதுன்னு சொல்லி ஏமாத்தாத" என்றார்.

கீழே கமெண்டில் கேட்டவர்களுக்கும் சேர்த்து:

ஏர் ஃப்ரையர் என்றால் 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல்.

பள்ளி டப்பாவில் வைக்கலாமா என்று கேட்ட மச்சிக்கு: இதில் பாதாம் இருக்கிறது, அங்கே பல பள்ளிகளில் கொட்டைப் பருப்பு வகைகளுக்குத் தடை. முதலில் டீச்சரிடம் கேளுங்கள். பாதாமுக்குப் பதில் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போடலாம், அது தானியமில்லை, பருப்புதான். கொஞ்சம் பக்கோடா வாசம் வரும், பிள்ளைகள் ஒன்றும் சொல்வதில்லை.

மீனில் செய்யலாமா? தாராளமாக. சீலா மீனை முள் இல்லாமல் விரல் நீளத்துக்கு வெட்டி இதே பூச்சு, பத்திலிருந்து பன்னிரண்டு நிமிஷம். அங்கே சீலா கிடைக்காவிட்டால் காட் மீன். நாளைக்கு இங்கே சீலாவில்தான் செய்யப்போகிறேன், கரண்ட் இருந்தால்.