லாட்விய சிம்பொனி இசைத்தட்டுகள்: கேட்டவர்கள் சொல்லுங்கள்

லாட்விய இசையமைப்பாளர் யானிஸ் இவானொவ்ஸை (1906–1983) நான் கேட்க ஆரம்பித்ததே சோவியத் அரசு நிறுவனமான மெலோதியாவின் பழைய எல்.பி.க்களில்தான். 20 சிம்பொனிகளை எழுதி முடித்தவர். 21ஆவதை அவர் மறைவுக்குப் பின் யூரிஸ் கார்ல்சன்ஸ் நிறைவு செய்தார். சோவியத் காலத்து ஆள்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1941இல் எழுதிய 4ஆவது சிம்பொனி ‘அட்லாண்டிஸ்’, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினைப் பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் லேபிளைக் கவனியுங்கள். எண் ‘எஸ்10’ என்று தொடங்கினால் (ரஷ்ய எழுத்தில் அது ‘சி’ போல இருக்கும்) ஸ்டீரியோ. 1 என்பது சிம்பொனி, ஓபரா வகை. 0 என்றால் 30 செ.மீ. தட்டு. பக்கத்திலேயே கோஸ்ட் (சோவியத் அரசுத் தரநிலை) 5289 என்று ஒரு தர எண் இருக்கும். அது 73 என்று முடிந்தால் 1973க்கு முன் அச்சான தட்டு அல்ல; 80 என்றால் இன்னும் பிந்தையது. “முதல் அச்சு” என்று விலையேற்றிச் சொல்பவரிடம் இதைக் காட்டினால் போதும், பேச்சு மாறிவிடும்.

ஒலி? லாட்வியத் தலைநகர் ரீகாவில் மெலோதியாவின் ஸ்டுடியோ ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருந்தது. என்னிடமுள்ள தட்டுகளில் டிராம்போன்கள் எழும்பும்போது சத்தம் மேலே போய்த் தங்கி, மெதுவாக இறங்கும். லாட்விய இசைத் தகவல் மையத்தின் ஸ்கானி நிறுவனம் குன்டிஸ் குஸ்மா நடத்த, தேசிய சிம்பொனி இசைக்குழுவை வைத்து வெளியிடும் புதிய பதிவுகளில் புல்லாங்குழலும் ஹார்ப்பும் துல்லியமாகக் கேட்கின்றன. முதல்முறை கேட்பவருக்கு அதைத்தான் சொல்வேன். எனக்கென்னவோ பித்தளை வாத்தியங்களுக்குப் பழையதுதான். (இவானொவ்ஸே ரீகா வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். அவர் எதைத் தேர்ந்தெடுப்பாரோ!)

*

அண்ணா, நான் ரீகாவில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே பெரிய கில்ட் அரங்கில் லாட்விய இசையமைப்பாளர் எமில்ஸ் டார்சின்ஷின் ‘மெலங்கொலிக் வால்ட்ஸ்’ (வால்ட்ஸ் ஒரு நடன இசை) நேரில் கேட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி முதல் சில சுரங்களிலேயே கூடவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாதிப் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

1904இல் எழுதியது. திருட்டு இசை என்று பழி சுமத்தப்பட்டதில் மனம் உடைந்து தன் மற்ற ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை அவரே அழித்துவிட்டார். 1910இல் ரயிலில் அடிபட்டு இறந்தபோது வயது 34. நமக்கு மிஞ்சிய ஒரே ஆர்கெஸ்ட்ரா படைப்பு இதுதான். ஆனால் இந்தக் கதை தெரிந்ததாலேயே சில நடத்துநர்கள் இதை ஒப்பாரி மாதிரி இழுக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வால்ட்ஸ் என்றால் கால் நகர வேண்டாமா? வாசிப்பு ஏழு நிமிடத்தைத் தாண்டினாலே நான் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

*

இரண்டு பேரும் இசையமைப்பாளர் யாசெப்ஸ் வீட்டோல்ஸை (1863–1948) விட்டுவிட்டீர்களே! ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவின் மாணவர், இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான புரோகோஃபியேவுக்குப் பாடம் எடுத்தவர், 1919இல் ரீகாவில் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) தொடங்கியவர். ‘ரத்தினங்கள்’ தொகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கல்லின் பெயர், குருவிடம் கற்ற வாத்திய வண்ணம் முழுக்கத் தெரியும். இ மைனர் சிம்பொனி இளவயதில் எழுதியது, அப்புறம் கேட்டால் போதும்.

தேடும்போது ஒன்று: பழைய பதிப்புகளில் இவர் ஜெர்மன் எழுத்துக்கூட்டில் ‘விஹ்டோல்’, ரஷ்யத் தட்டுகளில் ‘வீட்டோல்’. மூன்றையும் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பாதிப் பதிவுகள் கண்ணிலேயே படாது.