வாடகை வீட்டில் 14 பேருக்குத் தட்டுவடை செட்: அளவு எவ்வளவு, நமத்துப் போகாமல் இருக்க என்ன வழி?

சூரமங்கலம்_மாடிவீடு

நாலு பேர் சேர்ந்து சேலம் சூரமங்கலத்தில் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் கிளாஸ் பசங்க, பொண்ணுங்க பத்துப் பேர் வர்றாங்க. ஆக மொத்தம் 14. பிரியாணி ஆர்டர் போடாம, மொட்டை மாடியில பாயை விரிச்சுத் தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காய்த் துருவலும் வச்சு மூடுறது) போடலாம்னு முடிவு. கைவசம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மிக்சி, சின்ன ஃபிரிட்ஜ். கையில 1500 ரூபாய்.

தட்டுவடை எத்தனை வாங்கணும், சட்னி எவ்வளவு அரைக்கணும்? பச்சை சட்னி ஒரு மணி நேரத்துல கறுத்துப் போகுதே, ஏன்? அஞ்சு மணிக்கே செட் போட்டு அடுக்கி வச்சுட்டு ஏழு மணிக்குக் கொடுக்கலாமா? வர்றவங்கள்ல ஒருத்தருக்கு நிலக்கடலை அலர்ஜி, ஒருத்தர் ஜெயின். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அம்மாபேட்டை_செட்டு

முதல்ல கடைசிக் கேள்வி. அடுக்கி வைக்கவே கூடாது. தட்டுவடை மாவும் எண்ணெயும் சேர்ந்து காஞ்ச பொருள். ஈரம் பட்ட நிமிஷத்துலேர்ந்து உறிஞ்ச ஆரம்பிக்கும். சட்னி தடவி ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள வாயில போனாத்தான் செட்டு. ரெண்டு மணி நேரம் வச்சீங்கன்னா ஊறுன அப்பளம்.

அளவு: கடையில ஒரு பிளேட்டுக்கு அஞ்சு இல்ல ஆறு செட் வைப்பாங்க. வீட்டுல உக்காந்து பேசிட்டே சாப்பிடுறப்ப ஆளுக்கு எட்டு போகும். 14 பேருக்கு 112 செட், செட்டுக்கு ரெண்டு தட்டுவடை, ஆக 224. உடையுறதுக்கும் சேர்த்து 250 வாங்குங்க. எடை சொல்லி வாங்காதீங்க, கடைக்குக் கடை கனம் மாறும். 100 கிராம் போடச் சொல்லி எண்ணிப் பாத்துட்டு மீதியைக் கணக்குப் பண்ணுங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்ன சைஸ், மெலிசு, மேல கடலைப்பருப்பு துருத்தாதது வேணும். பலகாரக் கடையில விக்கிற பெரிய தட்டை இதுக்கு ஆகாது. கடிச்சா ரெண்டு பக்கமும் சட்னி வழியும்.

அலர்ஜிக்காரருக்கு இங்கதான் கவனம். பல கடையில கடலை எண்ணெயிலதான் சுடுவாங்க, சில தட்டுவடையில நிலக்கடலையும் உடைச்சுப் போடுவாங்க. எந்த எண்ணெய்னு கேட்டு வாங்குங்க. பதில் தெளிவா வரலைன்னா அவருக்குச் செட்டே வேண்டாம், வேற ஏதாவது தனியா பண்ணிடுங்க. “கொஞ்சமாத்தானே இருக்கு”ன்னு கொடுக்கிற விஷயம் இல்ல இது.

காய்: கேரட் 600 கிராம், பீட்ரூட் 250, பெரிய வெங்காயம் அரை கிலோ, எலுமிச்சை ஆறு, மல்லித்தழை ஒரு கட்டு. சூரமங்கலத்துல உழவர் சந்தை இருக்கு, காலையிலேயே போயிடுங்க, சாயங்காலம் போனா ஒண்ணும் இருக்காது. கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவித் தனித்தனியா வைங்க. உப்பு போடவே போடாதீங்க. உப்பு பட்டதும் காய் தண்ணி விட்டுடும், செட் கெட்டுப் போறதுல பாதி இதனாலதான். பீட்ரூட்டைத் துருவி ஒரு தடவை பிழிஞ்சுடுங்க. வெங்காயத்தை மிக்சியில சுத்தாதீங்க, தண்ணியாகிக் கசப்பேறிடும். கத்தியில பொடிப்பொடியா, ஆட்கள் வந்த பிறகு நறுக்கினா போதும்.

ஜெயின் நண்பர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வெங்காயம், பூண்டு மட்டுமில்லாம கேரட், பீட்ரூட், இஞ்சி மாதிரி மண்ணுக்கடியில விளையுறது எதையுமே சிலர் சாப்பிட மாட்டாங்க. அப்படின்னா அவருக்கு முட்டைக்கோஸ், விதை எடுத்த வெள்ளரி, மாங்காய்த் துருவல். மாங்காய் செட் சேலத்துல எப்படியும் ஓடுற அயிட்டம்தான், மத்தவங்களும் கேப்பாங்க.

மிக்சி_ஜார்

சட்னி நான் சொல்றேன்.

பச்சை சட்னி கறுக்க மூணு காரணம். மிக்சி சூடு, காத்து, புளிப்பு. நிறைய பேர் நிறம் நிக்கும்னு நினைச்சு எலுமிச்சையைப் பிழிஞ்சே அரைக்கிறாங்க. நேரம் ஆக ஆக அந்தப் புளிப்பே இலையோட பச்சையை மங்கலாக்கிடும். அதனால எலுமிச்சை பரிமாறும்போதுதான்.

சுத்தம் பண்ணின மல்லி 250 கிராம், புதினா இலை 100 கிராம், பச்சை மிளகாய் 10, இஞ்சி ரெண்டு அங்குலம், பொட்டுக்கடலை நாலு டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். இலையைக் கழுவித் துணியில பரப்பி அரை மணி நேரம் உலர்த்துங்க, இல்லைன்னா இலையில நிக்கிற தண்ணியே சட்னியை ஓட விட்டுடும். பொட்டுக்கடலையை முதல்ல பொடியாக்கிட்டு, அப்புறம் இலை. தண்ணிக்குப் பதில் நாலு அஞ்சு ஐஸ்கட்டி. நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க. மூடியில கை வச்சா சூடு தெரியக் கூடாது. 450 கிராம் வரும், மிஞ்சின தட்டுவடையை நொறுக்கிப் பொரியோட கலக்கிற நொறுக்கலுக்கும் சேர்த்துப் போதும். டப்பாவுல வழிச்சு, மேல காத்து படாம பாலித்தீன் உறையை ஒட்டினாப்புல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. அஞ்சு மணிக்கு அரைச்சது ஒன்பது மணி வரை தாங்கும்.

பதம் பாக்க ஸ்பூனைக் கவிழ்த்துப் பாருங்க, உடனே விழக் கூடாது. விழுந்தா இன்னொரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, அது தண்ணியை இழுத்துக்கும்.

சிவப்பு சட்னிக்குக் காரத்துக்குக் குண்டு மிளகாய் 10, நிறத்துக்கு நீள மிளகாய் 30. காம்பு கிள்ளி வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறணும். தக்காளி நாலைத் தனியா நல்லெண்ணெயில எண்ணெய் பிரியிற வரைக்கும் வதக்கி ஆற விடுங்க. பச்சைத் தக்காளியை அரைச்சுக் கொட்டினா ரெண்டே நிமிஷத்துல தட்டுவடை தொங்கிடும். மிளகாயும் தக்காளியும் உப்பும் அரைச்சதும் ஜெயின் நண்பருக்கு நாலு ஸ்பூன் எடுத்து வச்சுட்டு, அதுக்கப்புறம் உரிச்ச பூண்டு 100 கிராம் போட்டு மறுபடி ஓட்டுங்க. பச்சை சட்னியிலயும் அதே மாதிரி, இஞ்சிக்கு முன்னாடி. ஊறின தண்ணியைச் சேர்க்காதீங்க, அது கசக்கும்.

சூரமங்கலம்_மாடிவீடு

நன்றிங்க. ரெண்டு விஷயம். தட்டுவடையை வெள்ளிக்கிழமையே வாங்கி வச்சா நமத்துப் போகுமா? அப்புறம், இதே கூட்டத்தோட அடுத்த மாசம் ஏற்காட்டுல ஒரு காட்டேஜ் எடுக்கிறோம். அங்கயும் இதையே போடலாமா, இல்ல வேற ஏதாவது? காபி கேட்டா 14 பேருக்கு எப்படிப் போடுறது?

கொண்டைஊசி_20

ஏற்காட்டுக்கும் செட் கொண்டு போகலாம், ஆனா மூடுபனி இறங்குற நேரத்துல சம்படத்தைத் திறந்து வச்சா கால் மணி நேரத்துல நமத்துடும். 30, 40 தட்டுவடை கொள்ற சின்ன டப்பாக்களாப் பிரிச்சு, ஒண்ணு காலியானாத்தான் அடுத்ததைத் திறக்கணும். நமத்துப் போனா வடச்சட்டியை அடுப்புல வச்சு, எண்ணெய் இல்லாம, சிறு தீயில மூணு நாலு நிமிஷம் புரட்டுங்க. சூட்டோட மெத்துன்னுதான் இருக்கும், “சரியாகல”ன்னு கருக விடாதீங்க, ஆறினாத்தான் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோட டப்பாவுல போட்டு மூடினா ஆவி அடிச்சு மறுபடி நமத்துப் போகும். வெள்ளிக்கிழமை வாங்கினதுக்கும் இதே வைத்தியம்தான். சேலத்துல மூடி இறுக்கமா இருந்தா ஒரு நாள் ஒண்ணும் ஆகாது.

கிழங்கோ முட்டையோ வேக வைக்கிறதா இருந்தா ஞாபகம் வைங்க, அங்க உயரம் சுமார் 1500 மீட்டர், தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும். முட்டை செட்டுக்குக் கீழ 10 நிமிஷம்னா மேல 12 நிமிஷம் விடுங்க. சிப்ஸ், பொரி பாக்கெட்டெல்லாம் மலை ஏறும்போது பலூன் மாதிரி உப்பும். காத்தழுத்தம் குறையுறதாலதான், சரக்கு கெட்டதுன்னு தூக்கிப் போட வேண்டாம். பால்கனியில தட்டை வச்சுட்டு உள்ள போகாதீங்க, குரங்கு வரும். மல்லி, புதினாவை மலை ஏறுறதுக்கு முன்னாடி, கோரிமேடு தாண்டறதுக்குள்ளயே வாங்கிடுங்க, சட்னியை மேல போய் அரைங்க. காட்டேஜ்ல மிக்சி உண்டான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

காபி. ஆளுக்கு 10 கிராம் தூள், 14 பேருக்கு 140 கிராம். வீட்டு ஃபில்டர்ல இவ்வளவு கொள்ளாது, திணிச்சா இறங்காது. ரெண்டு தடவை போடுங்க, இல்லைன்னா மூடியுள்ள போசியில (பாத்திரத்துல) தூளைப் போட்டு, கொதிச்சு அடங்கின தண்ணி 850 மில்லி ஊத்தி, ஒரு கிளறு கிளறி மூடி, எட்டு நிமிஷம் கழிச்சு வெள்ளைத் துணியில வடிகட்டுங்க. தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், 570 மில்லி கைக்கு வரும். ஆளுக்கு 40 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால், ஆக பால் ஒன்றரை லிட்டர். ஏற்காடு இருக்கிற ஷெவராய் மலையோட தூள் கிடைச்சா சிக்கரி கலக்காததா வாங்குங்க. சிக்கரி இல்லாதது கொஞ்சம் நீர்த்து இறங்கும், அதுக்கு 20 கிராம் கூடப் போட்டுக்கலாம். டிகாக்‌ஷனை நேரா அடுப்புல சூடு பண்ணாதீங்க, கசந்துடும். வெந்நீர்ல பாத்திரத்தோட உக்கார வைங்க.

அம்மாபேட்டை_செட்டு

காபி முறை சரி. மிக்சி_ஜார் சொன்ன தக்காளியில எனக்கு உடன்பாடு இல்ல, பூண்டு செட்டுக்கு மிளகாயும் பூண்டும் மட்டும்தான் ருசி. ஆனா 14 பேருக்கு அளவு கட்டணும்னா தக்காளி வேணும்தான், விடுங்க.

ஒரு விஷயம் யாரும் சொல்லல, ஆள் ஏற்பாடு. ஒருத்தரே செட் போட்டா 14 பேர் வரிசையில நிப்பாங்க. ரெண்டு பேர் உக்காருங்க. ஒருத்தர் தட்டுவடையைப் பரப்பிப் பச்சையும் சிவப்பும் அரை டீஸ்பூன் தடவணும், இன்னொருத்தர் காய் வச்சு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டு மூடணும். உப்பு இந்த இடத்துலதான் வருது, மேல சொன்ன மாதிரி துருவல்ல இல்ல. ஜெயின் நண்பர் பிளேட்டை முதல்லயே, கை கழுவி, தனி ஸ்பூன்ல போட்டுடுங்க. அப்புறம் கலந்துடும்.

எட்டு மணிக்கு மேல செட் கேக்கிறது குறையும். அப்ப உடைஞ்சது, மிஞ்சினது எல்லாத்தையும் நொறுக்கலாக்கிடுங்க. அரைப்படி பொரி, கையால நொறுக்கின தட்டுவடை 40, ரெண்டு சட்னியும் ரெண்டு ரெண்டு டேபிள்ஸ்பூன், மிஞ்சின காய் எல்லாம், மேல ஒரு எலுமிச்சை. அகலமான பாத்திரத்துல நாலே புரட்டு, உடனே கொடுத்துடணும். பொரியைக் கடைசியா சேருங்க, அதுதான் முதல்ல சுருங்கும்.

தட்டுக்குப் பாக்குமட்டை இல்ல தையல் இலை வாங்குங்க. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டு 2019 ஜனவரியிலேர்ந்து தமிழ்நாட்டுல தடை. தண்ணி டம்ளரை மட்டும் பக்கத்து ரூம்ல கேட்டு வாங்கிக்குங்க, 14 பேர்னா எவர்சில்வர் டம்ளர் 20 வேணும், எப்படியும் யாரோடது எதுன்னு மறந்துடும்.