புதுப்பிப்பு: மொட்டை மாடி உடற்பயிற்சி, மூன்று மாதம் கழித்து

ஜிம்முக்குக் காசு கட்டாமல் செல்லூர் வீட்டு மொட்டை மாடியிலேயே எடையைக் குறைக்கப் போகிறேன் என்று சித்திரையில் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. 86 கிலோ இப்போது 81. முதல் வாரம் நாலு தண்டாலுக்கே கை நடுங்கியது, சுவரில் கை ஊன்றிப் பழகி, அப்புறம் படிக்கட்டில், இப்போது தரையில் 12 வருகிறது. பஸ்கி முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோடு சரி.

சாப்பாட்டில்தான் சறுக்கல். காலையில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் பழகிவிட்டது, ஆனால் ராத்திரி தெருமுனையில் கொத்துப் பரோட்டா தட்டும் சத்தம் கேட்டால் கால் தானாகப் போகிறது. ஞாயிறு மட்டும் என்று வைத்திருக்கிறேன். ஜிகர்தண்டாவை (பால், நன்னாரி சர்பத், அதற்கு மேல் ஐஸ்கிரீம் வேறு!) விட்டதுதான் பெரிய சாதனை.

எத்தனை மணிக்குச் செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு, காலை ஆறுக்குள். எட்டுக்கு மேல் எங்கள் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.