அன்பு வைச்சால் உலகம் திருந்துமோ? சுனாமிக் கதையோட வந்த டீச்சருக்குப் பதில்

உப்புவெளியான்:
நேற்று நிலாவெளி டீச்சர் எழுதினதை வாசிச்சதில இருந்து மனம் ஆறேல்ல. “ஆளை ஆள் நேசிச்சால் போதும், உலகம் தானாத் திருந்தும். 2004 சுனாமியில திருகோணமலை அதைக் காட்டினது. கிண்ணியா முஸ்லிம் சனத்துக்கு முதல் சோத்துப் பார்சல் தம்பலகாமம் கோயிலடியில இருந்துதான் போனது” எண்டு எழுதியிருக்கிறா.

டீச்சர், அந்த அன்பு எவ்வளவு காலம் நிண்டது எண்டதையும் எழுதுங்கோ. டிசம்பர் 26 கடல் வந்தது. அடுத்த மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில புத்தர் சிலை முளைச்சுது. கடையடைப்பு, அடிதடி, பயம். அந்த ஜூன் 24 நிவாரணத்தைப் பங்கிட அரசாங்கமும் புலிகளும் பொதுக்கட்டமைப்புக்குக் கையெழுத்து வைச்சினம். ஜூலையிலயே உயர் நீதிமன்றம் அதின்ட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டுது. பிறகு அது நடைமுறைக்கு வரவேயில்ல. சனத்திட்ட அன்பு இல்லாமலோ அது படுத்தது? அன்பு கிடந்தது. ஏற்பாடுதான் கிடைக்கேல்ல.

கிண்ணியா மகன்:
மற்றதெல்லாம் பிறகு பேசுவம். முதல் பார்சல் தம்பலகாமத்தால வரல்ல. கந்தளாய்ப் பள்ளிவாசலால வந்த. எங்கட வாப்பாதான் லொறியில இருந்து இறக்கினவர். லன்ச் சீட்டுல சுத்தின சோறு, பருப்பு, பொரிச்ச கருவாடு. சீட்டைப் பிரிக்கக்குள்ள அடிச்ச மணம் இன்னும் மூக்குல நிக்கிது.

நிலாவெளி டீச்சர்:
தம்பி, உங்கட வாப்பா இறக்கினது பிறகு வந்த லொறியா இருக்கும். ட்ரக்டர் பெட்டியில பார்சல் அடுக்கி அனுப்பினதில நானும் நிண்டனான். என்ட கையால கட்டினது. கத்தரிக்காய்க் கறியும் பருப்பும். கோயிலடியில கருவாடு எப்பிடி வரும்?

உப்புவெளியானுக்கு: அண்டைக்கு ஒருத்தரும் யாரிட்டையும் அடையாள அட்டை கேக்கேல்ல. ஆர் தமிழ், ஆர் முஸ்லிம், ஆர் சிங்களம் எண்டு பாக்காமத்தான் பிணம் தூக்கினவை. அது உலகம் திருந்தினது இல்லையெண்டால் வேற என்னத்தைத் திருந்தினது எண்டு சொல்லுறது?

கிண்ணியா மகன்:
கோயிலடியில கருவாடு வராதுதானே டீச்சர். அதத்தான் நானும் சொல்றன். எங்களுக்கு வந்தது கருவாடு. அப்ப அது கோயில் சோறு இல்ல.

உப்புவெளியான்:
கருவாடோ கத்தரிக்காயோ, ரெண்டு பேரும் பெயருக்குச் சண்டை பிடிக்கிறியள். இதுதான் நான் சொன்ன அன்பின்ட ஆயுசு.

கிண்ணியா ஆஸ்பத்திரியைக் கடல் அடிச்சு நொறுக்கினது. அதைத் திருப்பிக் கட்டினது பார்சல் இல்ல. துறையடியில பாதைக்கு, அதுதான் வாகனம் ஏத்திற மிதவைக்கு, காத்துக் கிடந்த காலம் ஞாபகம் இருக்கோ? பிள்ளைப்பேற்றுக்குப் போற பொம்பிளை வேனுக்குள்ள முனகிக்கொண்டு கிடப்பா, பாதை அந்தக் கரையில நிக்கும். பாலம் 2009 இலதான் திறந்தது. அதுவரைக்கும் அந்தப் பொம்பிளையில ஒருத்தருக்கும் அன்பு இல்லையோ? பாதையில நிண்ட எல்லாரும் இரங்கினவைதான். இரக்கத்தில ஏறி அக்கரை போகேலாது.

மூதூர்க்காரி:
உப்புவெளி அண்ணன், நீங்க எப்ப பார்த்தாலும் ஏற்பாடு, சட்டம் எண்டு வாறீங்க. 2006 ஆகஸ்ட்ல சண்டை வந்து நாங்க மூதூர விட்டு நடந்தும் ட்ரக்டர்லயும் கந்தளாய்க்கு ஓடினம். வழியில ஒரு சிங்கள அம்மா வாசலுக்கு வந்து என்ட தம்பிக்குப் பால் மாக் கரைச்சுக் குடுத்தா. அவட பெயரும் தெரியாது. எந்தச் சட்டம் அவவ வாசலுக்கு வரச் சொன்னது?

அதே ஆகஸ்ட்ல எங்கட ஊருல தொண்டு நிறுவன ஊழியர் 17 பேரச் சுட்டுப் போட்டாங்க. 16 பேர் தமிழ் ஆக்கள், ஒருத்தர் முஸ்லிம். நாட்டுல சட்டம் இருந்ததுதானே, விசாரணையும் நடந்ததுதானே. ஒருத்தனாவது தண்டிக்கப்பட்டானா? மனசில்லாத சட்டம் என்ன செய்யும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

உப்புவெளியான்:
தங்கச்சி, அந்த 17 பேருக்காக எத்தினை வீட்டில அழுதவை? அழுகையால வழக்கு நகர்ந்ததோ? சாட்சிக்குப் பாதுகாப்பு வேணும், பயப்பிடாத நீதிபதி வேணும். அது இல்லாமப் போனதுதான் என்ட வயித்தெரிச்சல். வயலுக்குத் தண்ணி விடுற மாவிலாற்று மதகு 2006 ஜூலையில பூட்டுப்பட்டதும் வயற்காரர் ஆளை ஆள் வெறுத்ததால இல்ல. மதகின்ட திறப்பு வேற கையில இருந்தது. திறப்பு ஆரிட்ட எண்டு கேக்காமல் அன்பு, அன்பு எண்டால் எனக்கு எரியும்.

மூதூர்க்காரி:
திறப்பு வைச்சிருந்தவனுக்குக் கீழ வயல் செய்றவன்ட பிள்ளை மேல கொஞ்சம் இரக்கம் இருந்திருந்தா பூட்டியிருப்பானா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

உப்புவெளியான்:
இரக்கம் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தால் பயிர் கருகிப் போகும். பதில் சொல்லிப்போட்டன்.

நிலாவெளி டீச்சர்:
எரியிறவர் போன தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடேக்க எங்க இருந்தவர்? எல்லாரும் குடுத்தவை, இவர் மட்டும் ஒரு சதம் தரேல்ல. அன்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

உப்புவெளியான்:
அதை இங்க இழுத்தது நல்லதாப் போச்சு. முந்தின வருஷக் கணக்கைக் காட்டச் சொன்னனான். காட்டேல்ல. அதால தரேல்ல. தண்ணீர்ப் பந்தலுக்கும் கணக்கு வேணும் டீச்சர்.

கிண்ணியா மகன்:
பந்தல விடுங்க. வாப்பாக்கு இப்ப போன் எடுத்தன். கந்தளாய் லொறிதானாம், கருவாடுதானாம்.

நிலாவெளி டீச்சர்:
முதல் லொறியோ எண்டு கேட்டனீங்களோ தம்பி? கேட்டிருக்க மாட்டீங்கள்.

உப்புவெளியான், காசு தந்தவைக்குக் கணக்குக் காட்டியாச்சு. தராத உங்களுக்கு எதுக்குக் காட்ட வேணும்?

உப்புவெளியான்:
முந்தின வருஷம் தந்தனான். பற்றுச்சீட்டு கையில இருக்கு. படம் எடுத்து இங்கயே போடட்டோ?

நிலாவெளி டீச்சர்:
போடுங்கோ. ஆர் கையெழுத்து எண்டும் பாத்துப் போடுங்கோ.