உழவாரனின் வெள்ளைப் பட்டை: ‘பிட்டம்’, ‘வாலடி’, ‘அடிமுதுகு’

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

பறவையின் முதுகு முடிந்து வால் தொடங்கும் முன் இருக்கிற பகுதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் அண்ணாச்சி ‘பிட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். அக்கா ‘வாலடி’ என்றீர்கள். இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உழவாரன்களை (ஆங்கிலத்தில் swift; பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு பறவைகள்) பார்த்தேன். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை.

உழவாரன்களை நாம் அண்ணாந்துதான் பார்க்கிறோம். வானத்து வெளிச்சத்தில் கறுப்பு உருவம் மட்டுமே தெரியும். அதனால் திருநெல்வேலியில் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்துக்கு மாலையில் போனேன். தாமிரபரணியின் மேல் பூச்சி பிடிக்கும் நாட்டு உழவாரன்களை அங்கே குனிந்து பார்க்கலாம். கரிய முதுகின் முடிவில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளை. அது விலாப் பக்கமும் சற்று இறங்குவதால், பறவை சாய்ந்து திரும்பும் நொடியில் கீழே நிற்பவர் கண்ணிலும் படும். தொண்டையும் வெள்ளைதான். வால் குட்டை, வெட்டிவிட்டதுபோல நேராக முடிகிறது.

திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டில் பறப்பது பனை உழவாரன். உடல் முழுவதும் புகை படிந்த பழுப்பு. முதுகின் முடிவு சற்று வெளிறியிருந்தாலும் வெள்ளை கிடையாது. மெலிந்த உடல், அரிவாள் இறக்கை. வால் ஆழமாகப் பிளந்தது, ஆனால் பறக்கும்போது பெரும்பாலும் சேர்த்தே வைத்திருப்பதால் ஊசிபோல் தெரியும். திரும்பும்போதுதான் கவை விரியும். (இதைக் ‘கவைவால்’ என்றே எழுதுவோம். கவட்டை செய்து விளையாடிய பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.) கூட்டைப் பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் ஒட்டுகிறது. நாட்டு உழவாரனோ மண்டபக் கூரையிலும் பால வளைவிலும் கூட்டம் கூட்டமாகக் கட்டும்.

ஆக, இரண்டையும் பிரிக்க முதலில் தேடவேண்டியது அந்த வெள்ளைதான். அது இருக்கும் இடத்தின் பெயரில் தடுமாற்றம் வரக்கூடாது.

‘பிட்டம்’ உட்காரும் உறுப்பைச் சொல்வது. உழவாரன் கம்பியில்கூட உட்காராது. சுவரையோ ஓலையையோ பற்றித் தொங்கும். வகுப்பில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லவும் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். ‘வாலடி’ அழகான சொல், ஆனால் அக்கா, ‘மரத்தடி’ என்றால் மரத்துக்குக் கீழே உள்ள இடம் அல்லவா? ‘வாலடி’ என்றதும் வாலுக்குக் கீழ்ப்புறம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பகுதிக்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். அதற்கே இதை வைத்துக்கொள்ளலாம்.

அதே ‘அடி’ முன்னால் வந்தால் பொருள் மாறுகிறது. அடிமரம், அடிநாக்கு, அடிவயிறு: இவையெல்லாம் அந்தந்த உறுப்பின் கடைசிப் பகுதிகள். அந்த வரிசையில் ‘அடிமுதுகு’ என்கிறேன். முதுகுவலிக்காரர்கள் ஏற்கெனவே சொல்லும் சொல்தானே என்று அண்ணாச்சி கேட்கக்கூடும். புழக்கத்தில் இருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது.

நாட்டு உழவாரன்: வெள்ளை அடிமுதுகு, குட்டை வால்.
பனை உழவாரன்: பழுப்பு அடிமுதுகு, நீண்ட கவைவால்.

அக்கா, இந்த இரண்டு வரிகளையும் உங்கள் மாணவர்களிடம் படம் காட்டாமல் படியுங்கள். பிறகு ஒரு பறவைப் படத்தைக் கொடுத்து அடிமுதுகைத் தொடச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாலுக்குக் கீழே விரலை வைத்தால் என் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.